வெள்ள ஆய்வு மட்டக்கோலில் தொடங்குகிறது

சபையோருக்கு வணக்கம். பட்டப்படிப்பை முடித்துவிட்டு, நகர வெள்ளத்தை ஆய்வுக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிற பிள்ளைகளுக்கான உரை இது. பொறியியல், புவியியல், சமூகவியல் எதைப் படித்தவரும் இந்தத் துறைக்குள் வரலாம். எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள்.

விண்ணோடத்திலிருந்து ராடாரால் அளந்து இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவை இறக்கி, ஆற்று வெள்ளத்தைக் கணிக்கும் ஹெக்-ராஸ் மென்பொருளில் போட்டால், நீல நிறத்தில் ஒரு வெள்ள வரைபடம் வந்துவிடும். யாழ்ப்பாண நகரத்துக்கு அந்தப் படம் உதவாது. நகரம் கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்தில்தான் கிடக்கிறது. தரவின் பிழையும் சில மீற்றர்தான். 30 மீற்றர்க் கட்டம் ஒன்றுக்குள் வீதி, மதில், வாய்க்கால் எல்லாவற்றுக்கும் ஒரே எண். பனங்கூடலின் தலையும் வீட்டுக் கூரையும்கூட அதில் தரையோடு சேர்ந்துவிடும். குடாநாட்டில் ஆறென்று சொல்ல இருப்பது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு. நகரத்து வெள்ளமோ ஒழுங்கைக்குள் விழுந்த மழை போக வழியில்லாமல் நிற்பது. கிடுகுவேலிக் காலத்தில் வளவுக்கு வளவு நீர் ஊடுருவிப் போனது. சீமெந்து மதில் வந்தபின் ஒழுங்கையே வாய்க்காலாகிவிட்டது. எந்த மதில் எங்கே நீரை மறிக்கிறது என்பதை நடந்து பார்த்துத்தான் குறிக்க முடியும்.

ஆகவே முதல் வேலை மட்டம் பார்ப்பது, அதாவது இடத்துக்கு இடம் உயர வித்தியாசத்தை அளப்பது. ஒரு லெவல் கருவி, ஒரு மட்டக்கோல், இரண்டு மூன்று பேர் போதும். உயரம் தெரிந்த மட்டக்குறி ஒன்றில் தொடங்கி, 25 மீற்றருக்கு ஒருதரம் வாய்க்கால் அடி, விளிம்பு, வீதி நடு, வீட்டு வாசற்படி ஆகியவற்றை எடுங்கள். மதகு வந்தால் அதன் இரு வாயையும் தனியாக எடுங்கள். கடைசியில் தொடங்கிய குறிக்கே வந்து மூட வேண்டும். 1 கிலோமீற்றர் சுற்றில் 12 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால், திரும்ப எடுங்கள். 2000க்கு 1 சாய்வுள்ள வாய்க்காலில் 100 மீற்றருக்கு இறக்கம் 5 சென்ரிமீற்றர்தான். 6 சென்ரிமீற்றர் பிழைவிட்டால் தாளில் நீர் எதிர்ப்பக்கம் ஓடும்.

அதே சாய்வில் 60 சென்ரிமீற்றர் அகலமும் 60 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட கொங்கிறீற் வாய்க்காலை எடுப்போம். வாய்க்காலில் ஓடும் நீரின் அளவைக் கணிக்கும் மானிங் சூத்திரப்படி செக்கனுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் போகும். அடியில் 30 சென்ரிமீற்றர் மண் படிந்தால் பாதியாவது போகுமே என்று நினைப்போம். வருவது 75 லீற்றர்தான்: குறுக்குவெட்டு பாதியாகிறது, வேகமும் குறைகிறது. மண்ணின் சொரசொரப்பையும் மதகு வாயில் சிக்கும் பொலித்தீனையும் சேர்த்தால் இன்னும் குறையும். இனி மழையைப் பாருங்கள். மணிக்கு 60 மில்லிமீற்றர் வீதம் பெய்து, அதில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு ஓடிவந்தால், வீடுகள் நெருங்கிய 1 ஹெக்ரெயரிலிருந்து, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 40 பரப்பிலிருந்து, செக்கனுக்கு 115 லீற்றர் வரும். துப்புரவான வாய்க்கால் ஒன்றரை ஹெக்ரெயரைத் தாங்கும். மண் நிறைந்தது ஒன்றைக்கூடத் தாங்காது. புதிய வாய்க்கால் வெட்டும் திட்டத்தை எழுதுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறோம்.

கரையோரத்துக் குருநகர், நாவாந்துறைப் பக்கம் இன்னொன்றும் உண்டு. காற்று கடல்நீரேரியை உயர்த்தும்போது வாய்க்கால் வாய் மூழ்கி, நீர் பின்னுக்குத் தேங்கும். அங்கே மழையை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். வாய்க்கால் முடிகிற இடத்தில் ஓர் அளவுகோல் நட்டு, நீர்மட்டத்தை நேரத்தோடு குறியுங்கள்.

மழைத் தரவில் பலர் கவனியாத பொறி ஒன்று இருக்கிறது. வானிலை அவதான நிலையங்களின் ஒரு நாள் காலை 8.30க்கு முடிகிறது. செவ்வாய் பகலில் கொட்டிய மழை புதன் காலை வாசிப்பில்தான் சேரும். அதைச் சரிசெய்யாமல் வெள்ளம் நின்ற தேதியோடு ஒப்பிட்டால், மழைக்கு முன்பே வெள்ளம் வந்தது போலிருக்கும். நாள் மொத்தம் வேகத்தையும் சொல்லாது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்ததைப் போல நாட்கணக்கில் பெய்கிற மழையும், ஒரு மணித்தியாலம் அடித்து ஓய்கிற மழையும் வாய்க்காலுக்கு வேறு வேறு. 0.2 மில்லிமீற்றருக்கு ஒருதரம் கவிழும் வாளியுள்ள தானியங்கி மழைமானியை, மரநிழலும் கூரையும் இல்லாத இடத்தில் வையுங்கள். புனலில் இலை அடைத்தால் மழை பெய்தும் பூச்சியம் காட்டும். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஐப்பசி பிறக்குமுன் இவை நிற்க வேண்டும். கார்த்திகை மழையைத் தவறவிட்டால் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு வருட முதுநிலைப் பட்டத்தில் அது பாதிக்காலம்.

வீடுகளுக்குப் போகும்போது “எத்தனை அடி நின்றது?” என்று கேட்காதீர்கள். சுவரில் தொட்டுக் காட்டச் சொல்லி, அந்த இடத்தை வாசற்படியிலிருந்து அளவுநாடாவால் அளந்து குறியுங்கள். வாசற்படியின் மட்டம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். எத்தனை நாளில் திரும்பிச் சமைத்தார்கள், எப்போது வேலைக்குப் போனார்கள் என்பவையே மீண்டெழும் திறனின் அளவுகள். கிணற்றையும் விடாதீர்கள். நம் சுண்ணக்கல் வெடிப்புகளூடாக மலசலகூடக் குழிநீர் விரைவாகக் கிணற்றுக்கு வரும். கிருமிச் சோதனைக்கான நீர் மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும்.

முழு நகரத்தையும் தலைப்பாக்காதீர்கள். ஒரு வாய்க்காலை, அது விழுகிற குளத்திலிருந்தோ கடலிலிருந்தோ மேல்முனை ஒழுங்கைவரை எடுங்கள். மட்ட அட்டவணையையும், எந்த மதகில் எவ்வளவு மண் என்ற பட்டியலையும் ஒரே தாளில் ஆக்கி, ஆய்வேடு முடியும்வரை காத்திராமல் ஆகஸ்ட் மாதமே மாநகர சபையில் கொடுங்கள். மாரிக்கு முன் எந்த மதகை முதலில் துப்புரவாக்குவது என்று தீர்மானிக்க அப்போதுதான் அது பயன்படும்.