பெயர் போடாத வாத்துக்காரர்

எல்லாருக்கும் வணக்கம். வாத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரிக்கட்டும், அந்த வாத்துகளை வரைந்த மனிதர் 24 வருஷம் மேஜையே கதியென்று கிடந்தது அதற்காகத்தான்.

கார்ல் பார்க்ஸ். 1901இல் பிறந்த அமெரிக்கர். டிஸ்னி ஸ்டூடியோ வேலையை 1942இல் உதறிவிட்டுக் கலிபோர்னியாவில் கோழிப்பண்ணை வைக்கப் போனவர். கைச்செலவுக்கு ஆகட்டும் என்று டொனால்ட் டக் காமிக்ஸ் எழுதி வரைய ஆரம்பித்தார். அப்புறம் கோழி போன இடம் தெரியவில்லை, வாத்து மட்டும் 1966இல் அவர் ஓய்வு பெறும்வரை விடவேயில்லை. காசுக்குள் நீச்சலடிக்கிற கஞ்ச மகாபிரபு ஸ்க்ரூஜ் மாமாகூட 1947இல் இவர் படைத்தவர்தான்.

ஆனால் புத்தகத்தில் இவர் பெயர் இருக்காது. வால்ட் டிஸ்னி பெயர்தான் இருக்கும். அதே வாத்துகளை வேறு ஓவியர்களும் வரைந்தார்கள், யார் எதை வரைந்தார்கள் என்று சொல்ல ஆளில்லை, இருந்தும் பொடிசுகள் கண்டுபிடித்துவிட்டார்கள். புதுப் புத்தகம் வந்தால் இரண்டு பக்கம் புரட்டி, இது ‘நல்ல வாத்து ஓவியர்’ போட்டது, இது இல்லை என்று பிரித்துவிடுவார்கள். அப்படித்தான் அவருக்குப் பெயரே வைத்திருந்தார்கள். 1960இல் ஒரு ரசிகர் அவரைத் தேடிப்பிடித்துக் கடிதம் போட்டபோது, யாரோ கலாய்க்கிறார்கள் என்றுதான் மனுஷன் நினைத்தாராம்.

எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்? கண்ணை வைத்து என்பேன் நான். இரண்டு முட்டை வடிவம், உள்ளே ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான் வாத்தின் கண். அந்தப் புள்ளியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினால் டொனால்ட் பொய் சொல்கிறான், இமையைப் பாதி இறக்கினால் அவன் சகோதரியின் பிள்ளைகள் மூன்று பேரும் அதை நம்பவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைக்குக்கூட இது புரியும், புரியாவிட்டால் அந்தக் கட்டத்திலேயே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குந்தியிருக்கலாம், சினிமா மாதிரி ஓடிப்போகாது. காமிக்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

1949இல் ஒரு கதை. டொனால்டும் அந்த மூன்று பையன்களும் சதுர முட்டையைத் தேடி ஆண்டிஸ் மலைக்குப் போகிறார்கள். மூடுபனிக்குள் ஓர் ஊர், அங்கே வீடு சதுரம், ஆட்கள் சதுரம், உருண்டையாக எதைச் செய்தாலும் குற்றம். பையன்கள் பபிள்கம்மில் முட்டை விட்டு மாட்டிக்கொள்கிறார்கள்! எத்தனையோ பாடுபட்டு இரண்டு சதுரக் கோழிகளோடு ஊர் திரும்புகிறார்கள். இனிமேல் வீட்டுக்கு வீடு சதுர முட்டைதான் என்று பார்த்தால், இரண்டுமே சேவல். எட்டு வயதில் அதைப் படித்துவிட்டு முதல் பக்கத்துக்கே ஓடினேன், இந்த ஆள் முன்னாலேயே எங்காவது துப்புக் கொடுத்திருக்கிறாரா என்று ஒவ்வொரு கட்டமாகத் தேட. கோழிப்பண்ணை வைக்கப் போனவரை நம்பியிருக்கக் கூடாது.