முகத்துவாரத்திலிருந்து மவுசாகலை வரை

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

நுவரெலியாவுக்குச் சுற்றுலா புறப்படும் கொழும்பு மக்களில் பலர், அவிசாவளையைத் தாண்டிக் குளிர்காற்று முகத்தில் படும்போதுதான் பயணம் தொடங்கியதாக எண்ணுகிறார்கள். என் கணக்கில் அது முகத்துவாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. களனி கங்கை கடலைச் சேரும் இடம் என்பதால்தான் அவ்வூருக்கு அந்தப் பெயர். அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்களுக்கு வரும் நீரும் இதே ஆற்றினுடையது. ஆகவே ஹற்றன் வீதியில் மலையேறும் நாம், அன்றாடம் குடிக்கும் நீரின் பிறப்பிடத்தைத் தேடித்தான் போகிறோம்.

யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கலை வரை ஆறு வீதிக்குத் துணையாகவே வரும். கித்துல்கலைக்கு மேலே கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கலந்தே களனி கங்கை உருவாகிறது. அந்த இரண்டு ஓயாக்களையும் தனித்தனியே காண விரும்புகிறவர்கள், கினிகத்தேனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் செல்லும் பாதையில் திரும்ப வேண்டும். கெஹெல்கமு ஓயா ஏறத்தாழ 98 மீற்றர் உயரத்திலிருந்து எபர்டீன் நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மஸ்கெலியா ஓயா அதைவிட உயரமான லக்சபான நீர்வீழ்ச்சியாக இறங்குகிறது. எபர்டீனின் அடியில் இருக்கும் தடாகம் பார்வைக்கு அமைதியானது, ஆனால் ஆழமானது. பல இளைஞர்களின் உயிரைக் குடித்தது. பிள்ளைகளோடு செல்கிறவர்கள் கரையில் நின்று பார்ப்பதோடு திருப்தியடையுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஹற்றனிலிருந்து நுவரெலியா நோக்கிச் சென்றால் டெவோன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகளை வீதியோரத்திலிருந்தே காணலாம். அவற்றின் நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்குப் போய்விடுகிறது. ஒரே மலைத்தொடரில் பெய்யும் மழை, ஒரு சரிவில் விழுந்தால் கொழும்புக்கும் மறு சரிவில் விழுந்தால் கிழக்குக் கரைக்கும் உரியதாகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின் சென்கிளேயருக்கு வரவேண்டிய நீரின் பெரும்பகுதி சுரங்கவழியே மின்நிலையத்துக்குச் செல்வதால், அதன் முழு அகலத்தைக் காண நல்ல மழைக்காலம் வேண்டும்.

ஆனால் நம் ஆற்றைத் தொடர்கிறவர்கள் ஹற்றனில் நோர்வூட் பக்கம் திரும்பவேண்டும். திக்கோயாவைக் கடந்ததும் தேயிலைச் சரிவுகளுக்கிடையே கிளை கிளையாய் விரிந்து கிடக்கும் காசல்ரீயை ஏரி என்கிறோம். அது 1965இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர்த்தேக்கம். மஸ்கெலியாவின் மவுசாகலை நீர்த்தேக்கம் 1969இல் நிறைந்தபோது, பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போயிற்று. கடைவீதியும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் மூழ்கின. மக்கள் மேட்டில் புதிய நகரம் அமைத்துக் குடியேறினார்கள். என் தாயார் அந்தப் பழைய நகரின் கடைவீதியில் சேலை வாங்கியவர். எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை என்று கடைசிவரை வரிசை பிசகாமல் சொல்லுவார்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வலுக்கும் காலத்தில் அருவிகள் நிறைந்து பெருகும். சில வேளைகளில் அணைகளின் வான்கதவுகளும் திறக்கப்படும். அழகுக்கு அதுவே தக்க காலம் என்பதை மறுக்கமாட்டேன். எனினும் நான் விரும்பிச் செல்வது, சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர் ஏறும் பருவத்தின் நடுப்பகுதியில், பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். அருவிகள் மெலிந்திருக்கும். மழை குறைந்த ஆண்டுகளில் மவுசாகலையின் நீர் இறங்கி, சேறு வெடித்த தரையில் பழைய கோயிலின் சுவர்களும் விகாரையின் எச்சங்களும் பள்ளிவாசலின் இடிபாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். அத்தகைய ஓர் ஆண்டில் என் தாயாரைக் கைபிடித்து அங்கே அழைத்துச் சென்றேன். கோயில் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். பிறகு அந்த வெடித்த சேற்றின்மேல், தமக்கு மட்டுமே தெரிந்த ஒரு தெருவில், இடப்பக்கம் திரும்பி நடந்தார்.

வணக்கம்.