தாஜ்மகாலைக் கடைசியில் பாருங்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

தில்லிக்குச் சுற்றுலா செல்கிறவர்களில் பெரும்பாலோர், அங்கே தங்கும் மூன்று நான்கு நாள்களில் ஒரு நாளை ஆக்ராவுக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். விடியலுக்கு முன் விடுதி வாசலில் வண்டி வந்து நிற்கும். ஆக்ராவில் ஒரு வழிகாட்டி ஏறிக்கொள்வார். இரவு பத்து மணிக்குள் மீண்டும் விடுதிக்கு வந்துவிடலாம். வரலாற்று ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் மாணவர்களுடனும் உறவினர்களுடனும் அந்த ஒரு நாள் பயணத்தை நான் பலமுறை மேற்கொண்டிருக்கிறேன். அந்த நாளை எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. தாஜ்மகாலைக் கடைசியில் பாருங்கள் என்பதே அது.

வழக்கமான ஏற்பாடு இதற்கு நேர்மாறானது. 2012-இல் திறக்கப்பட்ட, 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனை விரைவுச்சாலை வழியாக வண்டி ஆக்ராவை அடைந்ததும் முதலில் தாஜ்மகாலுக்குத்தான் அழைத்துச் செல்வார்கள். ரயிலில் வருகிறவர்களுக்கும் இதே வரிசைதான். அங்கிருந்து வெளியே வரும்போது வெயில் ஏறியிருக்கும், கால்கள் சோர்ந்திருக்கும், கைப்பேசி முழுவதும் படங்கள் நிரம்பியிருக்கும். அதற்குப் பிறகு ஆக்ராக் கோட்டைக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தாலே பெரிது. மூன்றாவது இடம் எதுவும் இருக்காது. அதன் இடத்தைப் பளிங்குக் கடை பிடித்துக்கொள்ளும். என் முதல் பயணத்தில் எங்களை அழைத்துச் சென்றவர், பட்டறை ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லிக் கடைக்குள் கொண்டுபோய் உட்கார்த்தி வைத்தார். ஒன்றரை மணி நேரம் அங்கேயே கழிந்தது. நாங்கள் பார்க்க விரும்பிய இதிமாத்-உத்-தௌலாவின் கல்லறை மண்டபம் ஆற்றின் மறுகரையில் அப்படியே இருக்க, அதைப் பார்க்காமலே தில்லிக்குத் திரும்பினோம். அன்று ஏற்பட்ட வருத்தம்தான் அடுத்த பயணங்களை நானே திட்டமிடக் காரணமாயிற்று.

அதற்காக வழிகாட்டியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல வழிகாட்டி ஒருவர் உடன் இருந்தால், நாம் நூறு முறை கடந்து போனாலும் கவனிக்காத ஒன்றைக் கைநீட்டிக் காட்டுவார். சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்றவர்களிடம் அடையாள அட்டை இருக்கும். அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. வண்டியில் ஏறும் முன்பே மூன்று இடங்களின் பெயரையும் வரிசையையும் சொல்லி, கடைகளுக்குப் போவதில்லை என்றும் பேசி முடித்துவிட வேண்டும். எங்களுக்கு வாய்த்த முதிய வழிகாட்டி ஒருவர் இந்த வரிசையைக் கேட்டதும் மகிழ்ந்துபோனார். முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் தன்னிடம், கட்டடங்கள் எழுந்த கால வரிசையில் காட்டும்படி கேட்டவர்கள் மிகச் சிலரே என்றார்.

ஆம், இது கால வரிசைதான். அக்பரின் கோட்டை 1565-இல் தொடங்குகிறது. இதிமாத்-உத்-தௌலாவின் கல்லறை 1622-க்கும் 1628-க்கும் இடையில் எழுகிறது. தாஜ்மகாலின் பணி 1632-இல் ஆரம்பமாகிறது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் செம்மணற்கல் மெல்ல மெல்லப் பின்வாங்கி வெண்பளிங்குக்கு இடம் கொடுப்பதை, ஒரே நகரத்தில், ஒரே பகல் பொழுதில் கண்ணால் பார்க்க முடியும். முதலிலேயே தாஜ்மகாலைப் பார்த்துவிட்டால் மற்றவை அதன் அருகே நிற்க முடியாத சிறிய கட்டடங்களாகத் தோன்றிவிடுகின்றன. கடைசியில் பார்த்தாலோ, அது எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கண்களோடு பார்க்கிறோம்.

கோட்டைக்குள் அமர்சிங் வாயில் வழியாகத்தான் பார்வையாளர்கள் செல்கிறார்கள். உயர்ந்த மதில்களுக்கு நடுவே ஏறிச் செல்லும் சரிவுப் பாதை முடிந்ததும், வலப்புறம் ஜஹாங்கீரி மகால் என்று வழங்கும் செந்நிற மாளிகை தென்படும். பெயர் ஜஹாங்கீருடையதாக இருந்தாலும் கட்டியவர் அக்பர்தான். அதன் விட்டங்களையும், விட்டங்களைத் தாங்கும் கொடுங்கைகளையும் சற்று நின்று பார்க்க வேண்டும். மரத்தில் செதுக்க வேண்டியதைக் கல்லில் செதுக்கியதுபோல் இருக்கும். வங்காளம், குசராத் ஆகிய பகுதிகளின் பாணியில் ஐந்நூறு கட்டடங்கள் இக்கோட்டையில் இருந்ததாக அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் எழுதியிருக்கிறார். அவற்றுள் பெரும்பாலானவற்றை இடித்து அங்கே பளிங்கு மாளிகைகளை எழுப்பியவர், அக்பரின் பேரனான ஷாஜஹான். ஜஹாங்கீரி மகாலிலிருந்து சில அடிகள் நடந்தால் ஷாஜஹானின் காஸ் மகால் வந்துவிடுகிறது. அதன் இருபுறமும் உள்ள மண்டபங்களின் கூரை, வங்காளத்துக் குடிசைக் கூரையைப்போல வளைந்து இறங்குகிறது. பாட்டனின் செங்கல்நிற உலகத்திலிருந்து பேரனின் வெண்ணிற உலகத்துக்கு ஒரு முற்றத்தைக் கடக்கும் நேரத்தில் நாம் வந்து சேர்ந்துவிடுகிறோம். கோட்டையின் வடபகுதி இராணுவத்தின் வசம் இருப்பதால் அங்கே செல்ல முடியாது. செல்ல முடிகின்ற பகுதிக்கே இரண்டரை மணி நேரம் வேண்டும்.

காஸ் மகாலை அடுத்து ஆற்றை நோக்கி நீண்டிருப்பது முசம்மன் புர்ஜ் என்னும் எண்கோண மாடம். 1658-இல் மகன் ஔரங்கசீப்பால் ஆட்சியிலிருந்து இறக்கப்பட்ட ஷாஜஹான், 1666-இல் இறக்கும் வரை இந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார். மூத்த மகள் ஜஹனாரா கடைசி வரை உடனிருந்து கவனித்துக்கொண்டார். ஆற்று வளைவின் மறுமுனையில், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அப்பால், தாஜ்மகால் தெரிகிறது. என் வரிசையில் பயணம் செய்கிறவர்களுக்கு முதல் காட்சி இதுதான். அருகில் போகும் முன், அதைக் கட்டியவர் தம் இறுதி ஆண்டுகளில் பார்த்த தொலைவிலிருந்து பார்ப்பது. மாணவர்களை நான் அழைத்துச் சென்ற ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் அவர்கள் தாமாகவே பேச்சைக் குறைத்துக்கொண்டதைக் கண்டிருக்கிறேன்.

கோட்டையிலிருந்து வெளியேறி, பாலத்தின் வழியாக யமுனையைக் கடந்து மறுகரைக்குச் சென்றால் இதிமாத்-உத்-தௌலாவின் கல்லறை. இந்த உரையை நான் நிகழ்த்த ஒப்புக்கொண்டதே இந்தக் கட்டடத்துக்காகத்தான் என்றும் சொல்லலாம். வண்டி ஓட்டுநர்கள் இதைக் குட்டித் தாஜ் என்று அழைக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. இங்கே அடக்கமாகியிருப்பவர் மும்தாஜ் மகாலின் பாட்டனார். பேத்தியின் கல்லறையைக் கொண்டு பாட்டனாரின் கல்லறைக்குப் பெயரிடுவது முறையன்று.

அவருடைய இயற்பெயர் மிர்சா கியாஸ் பேக். பாரசீகத்திலிருந்து பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு புறப்பட்டு வந்தவர். வழியில் காந்தகாரில் பிறந்த மகள்தான் பின்னாளில் நூர்ஜஹான் என்ற பெயரோடு ஜஹாங்கீரின் பட்டத்தரசியானார். தந்தைக்கு அரசின் நம்பிக்கைக்குரியவர் என்ற பொருளுடைய இதிமாத்-உத்-தௌலா பட்டம் கிடைத்தது. நூர்ஜஹானின் அண்ணன் ஆசப் கானின் மகளே மும்தாஜ். ஆகவே நூர்ஜஹான் மும்தாஜுக்கு அத்தை. 1621-இல் தாய் அஸ்மத் பேகமும் சில மாதங்களில் தந்தையும் இறந்தபோது, அவர்களுக்காக அந்த மகள் எழுப்பிய கட்டடம் இது.

அளவில் மிகச் சிறியது. குவிமாடம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமான சிறு மண்டபம் அமர்ந்திருக்கிறது. நான்கு மூலைகளிலும் நான்கு குட்டையான கோபுரங்கள். ஆனால் அருகே சென்று சுவரைப் பாருங்கள். வெண்பளிங்கைக் குடைந்து, அந்தக் குழிகளில் வண்ணக் கற்களை இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். பர்ச்சின்காரி என்று பெயர் பெற்ற இந்தக் கல் பதிப்பு வேலை, சுவரில் கையளவு இடத்தைக்கூட வெறுமையாக விடவில்லை. ஊசியிலை மரங்கள், பூச்சாடிகள், கழுத்து நீண்ட மதுக்குடங்கள், கனிகள், இடையிடையே கோலம் போன்ற வடிவக் கணக்குகள். தாஜ்மகாலில் இதே வேலைப்பாடு அடக்கத்தோடு, வெண்மைக்கு இடம் விட்டுச் செய்யப்பட்டிருக்கிறது. இங்கே அது ஒரு பாரசீகக் கம்பளத்தை விரித்ததுபோல் நெருக்கமாக இருக்கிறது. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் என்னால் எளிதில் விடை சொல்ல முடியாது. அருகிலிருந்து பார்க்கும் இன்பத்தில் இதையே நான் முன்னால் வைப்பேன்.

உள்ளே, கற்பலகணிகள் வழியாகப் பகல் ஒளி வடிகட்டி விழும் நடு அறையில், கணவனும் மனைவியுமாக இரண்டு மஞ்சள் நிறக் கல்லறைகள் அருகருகே இருக்கின்றன. எல்லாப் பக்கமும் சமச்சீராக அமைந்த இந்த வளாகத்தில் சமச்சீர் குலைவது அந்த இரட்டைக் கல்லறை ஒன்றில்தான். இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் இது தேவைப்படும்.

மதிய உணவுக்குப் பிறகு, மூன்று மணியளவில் தாஜ்மகாலுக்குச் செல்வது நல்லது. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்பதைப் பயண நாளைக் குறிக்கும்போதே கவனிக்க வேண்டும். வாகனப் புகை பளிங்கைப் பாதிக்கிறது என்பதற்காக வண்டிகளைத் தொலைவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து மின்கல வண்டியிலோ நடந்தோ செல்லலாம். நான் கடைசியாகச் சென்றபோது இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்கு மேலும் 200 ரூபாய். உள்ளே மூன்று மணி நேரம் இருக்கலாம். திசம்பர், சனவரி மாதங்களில் காலைப் பனிமூட்டத்தில் தாஜ்மகால் அறவே தெரியாமல் போவதுண்டு. அதுவும் மாலையை நான் விரும்புவதற்கு ஒரு காரணம். விடியற்காலையில் கூட்டம் குறைவு என்பதையும், மே மாத வெயிலில் பிற்பகல் பயணம் கடினம் என்பதையும் மறுக்கவில்லை. கோடையில் முதியவர்களை அழைத்துச் செல்கிறவர்கள் காலையிலேயே இங்கு வந்துவிடட்டும்.

பெருவாயிலின் வளைவைச் சுற்றிக் கறுப்புப் பளிங்கால் பதித்த அரபு எழுத்துகளைப் பாருங்கள். திருக்குர்ஆனின் 89-ஆம் அத்தியாயம் அது. அமைதியுற்ற ஆன்மாவை இறைவனிடம் திரும்பி வருமாறு அழைக்கும் வசனங்களோடு முடிகிறது. இந்த எழுத்துகளை வடித்தவர் ஷிராஸ் நகரத்தைச் சேர்ந்த அமானத் கான். கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மேலே உள்ள எழுத்தும் கீழே உள்ள எழுத்தும் ஒரே அளவாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக, மேலே செல்லச் செல்ல எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

உள்ளே தோட்டம். தில்லியிலுள்ள ஹுமாயூனின் கல்லறையும் இதிமாத்-உத்-தௌலாவின் கல்லறையும் தோட்டத்தின் நடுவில் நிற்கின்றன. தாஜ்மகாலோ தோட்டத்தின் கடைக்கோடியில், ஆற்றை ஒட்டி நிற்கிறது. முகலாய ஆக்ராவில் யமுனையின் இரு கரைகளிலும் பிரபுக்களின் தோட்டங்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் முதன்மை மாளிகை ஆற்றங்கரை மேடையில்தான் அமைந்திருந்தது. அந்த நகர வழக்கத்தையே ஷாஜஹான் கல்லறைக்கு எடுத்துக்கொண்டார். பின்புறம் மரங்களோ மதிலோ இல்லாததால் 73 மீட்டர் உயரமுள்ள அந்த வெண்மை, வானத்தின் மீது நேராக வரையப்பட்டதுபோல் நிற்கிறது. ஆற்றுமணலில் இவ்வளவு பாரத்தை நிறுத்துவதற்காகக் கிணறுகள் தோண்டி, அவற்றைக் கல்லாலும் சாந்தாலும் நிரப்பி அடித்தளம் இட்டார்கள். நான்கு மினார்களும் மிகச் சிறிதளவு வெளிப்புறம் சாய்ந்திருக்கின்றன.

இந்த இடத்தில்தான் சில வழிகாட்டிகள் இரண்டு கதைகளைச் சொல்லுவார்கள். பணி முடிந்ததும் கட்டியவர்களின் கைகளை ஷாஜஹான் வெட்டச் செய்தார் என்பது ஒன்று. அக்காலத்து வரலாற்று ஏடுகளில் இதற்குச் சான்று எதுவும் இல்லை. தலைமைக் கட்டடக் கலைஞராகக் கருதப்படும் உஸ்தாத் அகமது லாகோரி, தில்லிச் செங்கோட்டைப் பணியிலும் ஈடுபட்டவர். இத்தனை அரிய கலைஞர்களைப் போற்றி வைத்திருந்த ஓர் அரசரின் மீது சுமத்தப்பட்ட இந்தப் பழி, அந்தக் கலைஞர்களையும் கையற்ற பரிதாபத்துக்குரியவர்களாக மட்டுமே நினைக்க வைக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

இரண்டாவது கதை, கறுப்புத் தாஜ்மகால். எதிர்க்கரையில் தமக்கென்று கறுப்புப் பளிங்கில் ஒன்றைக் கட்ட ஷாஜஹான் எண்ணினார் என்றும், அது கைகூடாததால்தான் மனைவியின் அருகே ஒதுக்கமாக அவரை அடக்கம் செய்தார்கள் என்றும் சொல்வார்கள். எதிர்க்கரையில் அகழ்ந்து பார்த்தபோது கிடைத்தது மெஹ்தாப் பாக் என்னும் நிலவொளித் தோட்டமும் அதன் குளமுமே. கறுப்பாகத் தெரிந்த கற்களும் கறையேறிய வெண்பளிங்குதான்.

காலணிக்கு உறை அணிந்து, கல்லறை மண்டபத்துக்குள் செல்லுங்கள். எண்கோணப் பளிங்குத் திரைக்குள், அறையின் சரிநடுவில் மும்தாஜின் கல்லறை. அதன் மேற்கே சற்று உயரமாக ஷாஜஹானின் கல்லறை. உண்மையான உடல்கள் இவற்றுக்கு நேர் கீழே, நிலவறையில் இருக்கின்றன. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை, அது நல்லதே. சமச்சீர் குலைந்திருக்கிறதே என்று அருகில் நிற்கும் யாரேனும் வியந்து கேட்பார்கள். நீங்கள் காலையில் மறுகரையில் பார்த்துவிட்டு வந்தவர்கள். அங்கே பாட்டியும் பாட்டனாரும் எப்படி அருகருகே படுத்திருக்கிறார்களோ, அப்படியே இங்கே பேத்தியும் அவள் கணவனும்.

வெளியே வந்ததும் வடபுறத்து மேடைக்குச் சென்று ஆற்றைப் பார்த்தபடி நில்லுங்கள். இடப்புறத்தில், ஆறு வளையும் இடத்தில், கோட்டை செந்நிறமாகத் தெரியும். காலையில் நாம் நின்ற எண்கோண மாடமும் அங்கேதான் இருக்கிறது. 1666 சனவரியில் ஷாஜஹானின் உடல் அங்கிருந்து இங்கே ஆற்றின் வழியாகப் படகில் வந்தது. சூரியன் இறங்கும் நேரத்தில் காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் வாயிலை நோக்கி அனுப்பத் தொடங்குவார்கள். அது வரையில் அங்கேயே இருங்கள்.

நன்றி. வணக்கம்.