கூட்டு சேரலாம், ஆனா யார் பேர்ல?

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கால கறுப்பின மக்களுக்குன்னு ஆரம்பிச்ச காலேஜ்கள், அங்க புதுக் கண்டுபிடிப்பு, தொழில் முனைவு, அதுக்கு கூட்டு முயற்சி எப்படி உதவும்னு பேசச் சொன்னாங்க. கூட்டு முயற்சின்னா எல்லாருக்கும் இனிக்கும், யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, அதனாலயே கொஞ்சம் கிண்டிப் பாக்கலாம்னு வந்திருக்கேன்.

முதல்ல ஒரு அறிமுகம். 1964க்கு முன்னாடி, கறுப்பின மக்களோட படிப்புக்காகவே தொடங்கின காலேஜ்களை 1965 உயர்கல்விச் சட்டம் தனி வகையா வெச்சிருக்கு, ஹெச்.பி.சி.யூ.னு சொல்வாங்க, இன்னிக்கு சுமாரா நூறு இருக்கு. பழசுன்னா பென்சில்வேனியால செய்னி, 1837. மார்ட்டின் லூதர் கிங் படிச்சது அட்லாண்டா மோர்ஹவுஸ்ல. கமலா ஹாரிஸ் படிச்சது ஹோவர்ட்ல, அவங்க தாத்தா ஊரு துளசேந்திரபுரம்ங்கறதால நம்ம டிவிக்காரங்க மன்னார்குடி பக்கம் கேமராவ தூக்கிட்டு ஓடினாங்க, ஆனா அந்தம்மாவ உருவாக்கின ஹோவர்ட் பத்தி ரெண்டு நிமிஷம் பேசினவங்கள நான் பாக்கல, போகட்டும்.

இப்போ இந்த காலேஜ்களுக்கு தொழில் முனைவ யாரோ புதுசா போய் கத்துக்குடுக்கணும்ங்கற மாதிரி சில பேர் பேசுவாங்க பாருங்க, அதுதான் எனக்கு எரிச்சல். அலபாமால டஸ்கீகிங்கற காலேஜ் 1881ல ஆரம்பிக்கும்போது உருப்படியா ஒரு கட்டடம் கிடையாது. அதோட முதல் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் பசங்கள வெச்சே செங்கல் அறுத்து கட்டலாம்னு முடிவு பண்றாரு. சேத்துல முழங்கால் வரைக்கும் நின்னு மண் பிசையணும், படிக்க வந்த பையன் பாதி பேருக்கு பிடிக்கல, சில பேர் கிளம்பியே போயிட்டாங்க. முதல் சூளை வேகல, ரெண்டாவதும் போச்சு, மூணாவது கடைசி நேரத்துல சரிஞ்சு விழுந்துச்சு. கையில காசு இல்ல. மனுஷன் தன்னோட வாட்ச எடுத்துட்டு மான்ட்கோமரி போயி 15 டாலருக்கு அடகு வெச்சு நாலாவது சூளைய போட்டாரு, அது நின்னுச்சு. வாட்ச் கடைசி வரைக்கும் திரும்பி வரல. ஆனா செங்கல் நல்லா இருக்குன்னு தெரிஞ்சதும் இந்த ஸ்கூலே வேணாம்னு நினைச்ச வெள்ளைக்காரங்க கூட வாங்க வந்தாங்க. முதலீடு, தோல்வி, மறுபடி முதலீடு, மார்க்கெட்னு எல்லாமே அதுல இருக்கு, நாம அதை ஸ்டார்ட்அப்னு சொல்லாததுதான் பாக்கி.

சரி, கூட்டுக்கு வருவோம். அட்லாண்டால 1929ல அட்லாண்டா யூனிவர்சிட்டி, மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் மூணும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. யூனிவர்சிட்டி மேல்படிப்ப மட்டும் பாத்துக்கும், மத்த ரெண்டும் இளநிலைய பாத்துக்கும், ஒரு காலேஜ் பசங்க இன்னொரு காலேஜ்ல போய் கிளாஸ் எடுத்துக்கலாம். இன்னிக்கும் அந்த வளாகங்களுக்கு நடுவுல ஒரே லைப்ரரிதான், உட்ரஃப் லைப்ரரி, 1982ல திறந்தது. ஆளுக்கு ஒரு லைப்ரரி கட்டியிருந்தா எல்லாமே அரைகுறையா இருந்திருக்கும். அப்புறம் 1969ல பக்கத்துல இருக்கற ஜார்ஜியா டெக்கோட ஒரு ஏற்பாடு, மூணு வருஷம் இங்க இயற்பியல், கணக்கு, ரெண்டு வருஷம் அங்க இன்ஜினியரிங், கடைசில ரெண்டு டிகிரி. ஜார்ஜியா டெக் கறுப்பின மாணவர்கள முதல்ல சேத்ததே 1961லதான்ங்கறத நினைச்சுக்கோங்க, எட்டே வருஷத்துல இந்த ஒப்பந்தம்.

இன்னொண்ணு யு.என்.சி.எஃப்., இந்த காலேஜ்களுக்காக சேந்து பணம் திரட்டற அமைப்பு. டஸ்கீகி தலைவரா இருந்த ஃபிரடெரிக் பேட்டர்சன் 1943ல பத்திரிகைல எழுதறாரு, நாம தனித்தனியா அதே புண்ணியவானுங்க வீட்டு வாசல்ல போய் நிக்கறதுக்கு பதிலா சேந்து வசூல் பண்ணுவோம்ங்கற அர்த்தத்துல. அடுத்த வருஷம் 27 காலேஜ் சேந்து ஆரம்பிச்சாச்சு. நம்ம ஊரு கூட்டாஞ்சோறு மாதிரிதான், ஆளுக்கு ஒரு பிடி அரிசி, ஆனா பானை அவங்களோடது. எனக்கு இதுல பிடிச்சதே அந்த பானைதான். வந்த காசை எப்படி பிரிக்கறதுன்னு முடிவு பண்ணினது வெளியாள் இல்ல.

இப்போ நடக்கற கூட்டு எல்லாம் வேற மாதிரி. பெரிய கம்பெனி வரும், லேப் கட்டும், பேர் பலகை வைக்கும், போட்டோ எடுக்கும். 2021ல ஆப்பிளும் சதர்ன் கம்பெனிங்கற மின்சாரக் கம்பெனியும் ஆளுக்கு 2.5 கோடி டாலர் போட்டு அட்லாண்டால ப்ரொபெல் சென்டர்னு எல்லா ஹெச்.பி.சி.யூ.க்கும் பொதுவா ஒரு பயிற்சி மையம் அறிவிச்சாங்க. கெட்டதுன்னு சொல்லல. பசங்களுக்கு வேலை கிடைக்கும், அது சின்ன விஷயம் இல்ல. ஆனா வேலைக்கு ஆள் தயார் பண்றதும் தொழில் முனைவோர உருவாக்கறதும் ஒண்ணு கிடையாது, முதலாவதுல லாபம் கம்பெனிக்கு, ரெண்டாவதுலதான் சொத்து பையன் பேர்லயோ பொண்ணு பேர்லயோ நிக்கும்.

சொத்துன்னா என்ன? பெரும்பாலும் பேடன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை. 1980ல பை-டோல் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அரசாங்க காசுல நடந்த ஆராய்ச்சில கண்டுபிடிச்சதுக்கு யூனிவர்சிட்டியே உரிமை வெச்சுக்கலாம்னு. அதுக்கப்புறம் பெரிய யூனிவர்சிட்டிகள் எல்லாம் இதுக்குன்னே ஆபீஸ் போட்டாங்க, வக்கீல், மார்க்கெட் தெரிஞ்ச ஆளு, லைசென்ஸ் பேசறதுக்கு ஆளு. ஆயிரம் ரெண்டாயிரம் பேர் படிக்கற சின்ன காலேஜ்ல அந்த ஆபீஸ் வேலைய யாரு பாப்பாங்க? பாடமும் நடத்தி கமிட்டிலயும் உக்கார்ற அதே புரொஃபசர்தான். ஒரு விண்ணப்பம் போட்டு அத பல வருஷம் காப்பாத்தறதுக்கே ஆயிரக்கணக்குல டாலர் ஆகும், அதனால நல்ல ஐடியா ஜர்னல்ல கட்டுரையா வந்துட்டு அதோட நின்னுடும், வேற எவனோ படிச்சுட்டு பொருளாக்குவான். கூட்டு நிஜமாவே வேணும்னா இங்கதான் வேணும்னு நான் நினைக்கறேன், பத்து காலேஜ் சேந்து ஒரே பேடன்ட் ஆபீஸ். லைப்ரரிய பங்கு போட்டவங்களுக்கு இது முடியாதா என்ன.

காகிதம் கையில இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு லானி ஜான்சனே சாட்சி. டஸ்கீகில இன்ஜினியரிங் படிச்சவரு, விமானப்படை, நாசா எல்லாம் பாத்தவரு. 1982ல வீட்டு பாத்ரூம்ல தண்ணில ஓடற ஒரு ஹீட் பம்ப் சோதிச்சுட்டிருக்காரு, குழாய்லேருந்து தண்ணி அந்தக் கடைசி வரைக்கும் சீறி அடிச்சுச்சு. அதுதான் அப்புறம் சூப்பர் சோக்கர்ங்கற தண்ணித் துப்பாக்கி. பேடன்டும் லைசென்ஸ் ஒப்பந்தமும் அவர் பேர்ல இருந்ததால, ராயல்டி பாக்கிக்காக ஹாஸ்ப்ரோங்கற பொம்மைக் கம்பெனியோட மோதி 2013ல சுமாரா 7.3 கோடி டாலர் வாங்கினாரு. அப்புறம் அவர் பண்ணின எரிசக்தி ஆராய்ச்சிக்கு காசு போட்டதே இந்த பொம்மைதான்.

சொத்து பேடன்டாத்தான் இருக்கணும்னும் இல்ல. டல்லஸ்ல பால் குவின் காலேஜ் மூடற நிலமைல இருந்துச்சு. மைக்கேல் சோரல் தலைவரா வந்து முதல்ல ஃபுட்பால் டீம கலைச்சாரு, ஃபுட்பால் பைத்தியம் பிடிச்ச டெக்சாஸ்ல அதச் செய்யறதுக்கு நெஞ்சுல உரம் வேணும். சுத்துவட்டாரத்துல நல்ல காய்கறிக் கடை கிடையாது. 2010ல பெப்சிகோ உதவியோட அந்த கிரவுண்டையே தோட்டம் ஆக்கிட்டாங்க, கீரையும் காயும் பக்கத்து ஜனங்களுக்கு போக, டல்லஸ் கவ்பாய்ஸ்ங்கற ஃபுட்பால் டீமோட ஸ்டேடியத்து சமையலறைக்கும் வித்தாங்க. இங்கயும் வெளி கம்பெனி வந்துச்சு, ஆனா நிலம் காலேஜோடது, பயிர் காலேஜோடது, முடிவும் காலேஜோடது.

பணத்தைப் பத்தி பேசாம போக முடியாது. 2020ல மெக்கென்சி ஸ்காட்ங்கற பெரிய பணக்கார அம்மா எந்த நிபந்தனையும் போடாம இந்த வகைக் காலேஜ்கள்ல ப்ரெய்ரி வியூக்கு 5 கோடி, நார்த் கரோலினா ஏ அண்ட் டிக்கு 4.5 கோடி, ஹோவர்டுக்கும் மோர்கன் ஸ்டேட்டுக்கும் தலா 4 கோடி டாலர் குடுத்தாங்க. பெரிய மனசு. ஆனா 2023ல மத்திய அரசே 16 மாநில கவர்னர்களுக்கு கடுதாசி போட்டுச்சு, நிலக்கொடை காலேஜ்கள்ல, அதாவது அரசு நிலக்கொடைத் திட்டத்துல வந்த காலேஜ்கள்ல, கறுப்பின காலேஜுக்கு மட்டும் முப்பது வருஷத்துல 1,200 கோடி டாலருக்கு மேல குறைச்சு குடுத்திருக்கீங்கன்னு. டென்னசி ஸ்டேட்டுக்கு மட்டுமே 210 கோடி. அதோட பாத்தா மத்த நன்கொடையெல்லாம் யானைப்பசிக்கு சோளப்பொரி.

கூட்டே வினையா முடிஞ்ச கதையும் சொல்லிடறேன், மேடைல யாரும் சொல்றதில்ல. பால்டிமோர்ல மோர்கன் ஸ்டேட் எம்.பி.ஏ. நடத்திட்டிருக்கு. 2005ல அதே ஊர்ப் பக்கம் கறுப்பின காலேஜ் வகைல சேராத டவ்சனும் பால்டிமோர் யூனிவர்சிட்டியும் சேந்து ஒரு கூட்டு எம்.பி.ஏ. ஆரம்பிக்க மாநிலம் அனுமதி குடுத்துச்சு, மோர்கன் கத்தியும் கேக்கல. பேரு என்னவோ கூட்டு முயற்சி. ஆனா மோர்கன்கிட்ட வர வேண்டிய பசங்க, முக்கியமா மத்த இனத்துப் பசங்க, அங்க போயிடுவாங்க இல்லையா. 2006ல வழக்கு போட்டாங்க, 2013ல கோர்ட் இப்படி கோர்ஸ இரட்டிக்கறது தப்புன்னு சொல்லிச்சு, அப்புறமும் இழுத்து இழுத்து 2021லதான் அந்த மாநிலத்துல இருக்கற நாலு கறுப்பின காலேஜுக்கும் சேத்து 57.7 கோடி டாலர்னு முடிஞ்சுது, அதுவும் பத்து வருஷத் தவணை. சரி முடிஞ்சுதான்னா, 2023ல டவ்சன் பிசினஸ் அனலிடிக்ஸ்ல பி.ஹெச்.டி. கேட்டுச்சு, எங்ககிட்ட இருக்கறதேதான்னு மோர்கன் மறுபடி எதிர்த்துச்சு, பெரிய இழுபறிக்கு அப்புறம்தான் அது நின்னுச்சு.

துண்டுச்சீட்டு வந்துடுச்சு, தலைவர் வாட்ச பாக்கறாரு. யாராவது அடுத்த தடவை புரிந்துணர்வு ஒப்பந்தம்னு கொண்டு வந்தா பேடன்ட் யார் பேர்ல, கம்பெனி அஞ்சு வருஷத்துல கிளம்பிட்டா லேப் யாருக்கு, இதனால பக்கத்துல எந்த காலேஜோட கோர்ஸ் காலியாகும்னு கேளுங்க. இப்போ உங்க கேள்விகள எடுத்துக்கலாம், மைக்க பின்னாடி வரிசைக்கு முதல்ல குடுங்க.