வீட்டு பிசியில ரெண்டு மூணு ஹார்டு டிஸ்க் போடப் போறீங்களா? வாங்குறதுக்கு முன்னாடி பாத்துடுங்க

எங்க மாமா பையன் கல்யாண போட்டோ எடிட்டிங் பண்றவன். வேலையெல்லாம் வீட்டு பிசியிலதான், ரெண்டு 4 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கி ரெய்டு 1 போட்டு வச்சிருந்தான். ரெய்டுனா ரெண்டு மூணு டிஸ்க்கை சேத்து ஒண்ணா ஓட்டற முறை, அதுல ரெய்டு 1னா மிரர், ஒண்ணுல எழுதுறது அப்படியே இன்னொண்ணுலயும் ஏறிடும், ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொண்ணு நிக்கும். அந்த தைரியத்துல தனியா பேக்கப்பே எடுக்கல. ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்துல வேற ஃபோல்டர்னு நெனச்சு ஷிஃப்ட் டெலிட் அடிச்சிட்டான், ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல போச்சு, ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு பாத்ததுல பாதி போட்டோ திறக்கவே இல்ல. ஒரு வீட்டு நிச்சயதார்த்தம், மறுபடி போய் எடுக்கவா முடியும்? அதனாலதான் இந்த வீடியோ.

[ஸ்க்ரீன்ல: ரெண்டு டிஸ்க், நடுவுல அம்புக்குறி]

ரெய்டுங்கறது 1988ல பெர்க்லி யுனிவர்சிட்டில பேட்டர்சன், கிப்சன், கட்ஸ்னு மூணு பேர் எழுதின பேப்பர்ல வந்த பேரு. விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்குக்கு பதிலா சின்ன சின்ன டிஸ்க்கா நிறைய சேத்து வேலை வாங்கலாம், அதுல ஒண்ணு செத்தாலும் சிஸ்டம் நிக்கக்கூடாது, அதான் ஐடியா. சர்வர் ஒரு நிமிஷம் நின்னாலும் நஷ்டம்ங்கற இடத்துக்கு அது சரி. நம்ம வீட்ல ஒரு நாள் பிசி ஓடலன்னா ஒண்ணும் ஆகாது, ஆனா ஃபைல் போனா போனதுதான். மிரர் டிஸ்க் சாவுறதுல இருந்து மட்டும்தான் காப்பாத்தும், தப்பா அழிச்சாலோ, ஃபைலை பூட்டிட்டு பணம் கேக்கற ரான்சம்வேர் வந்தாலோ, பிசியையே யாராவது தூக்கிட்டு போனாலோ அது ஒண்ணும் பண்ணாது.

ரெய்டு 0 வீட்ல வேணவே வேணாம். ரெண்டு டிஸ்க்ல பிரிச்சு பிரிச்சு எழுதும், ஸ்பீடு கூடும், ஆனா ஒண்ணு போனா மொத்தமும் போச்சு. ரெய்டு 5னா ஒரு டிஸ்க் செத்தாலும் மீதியை வச்சு டேட்டாவை மீட்கலாம், அதுக்கு குறைஞ்சது மூணு டிஸ்க் வேணும், ஒரு டிஸ்க் அளவு இடம் அந்த பாதுகாப்புக்கே போயிடும், மூணு 4 டிபி போட்டா 8 டிபி கிடைக்கும், அந்த காசுக்கு தனியா பேக்கப் டிஸ்க் வாங்குங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

[ஸ்க்ரீன்ல: கேபினெட் உள்பக்கம்]

சரி என்னதான் போடறது. விண்டோஸுக்கும் சாஃப்ட்வேருக்கும் இப்ப எடிட் பண்ணிட்டு இருக்கற வேலைக்கும் ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுத்தற தட்டு இல்லாம சிப்ல எழுதற டிஸ்க். நல்ல ஹார்டு டிஸ்க்கே செகண்டுக்கு 150லருந்து 250 எம்பி தான் தரும், சாட்டா கேபிள்ல சொருகற எஸ்எஸ்டி 550 பக்கத்துல, மதர்போர்டுலயே சொருகற ஜென் 3 என்விஎம்இ எஸ்எஸ்டி 3500 வரைக்கும் போகும், அதனால ஸ்பீடுக்காக ரெய்டு 0 போட்டதெல்லாம் அந்தக் காலம். முடிஞ்ச வேலை, வீடியோ, பழைய போட்டோ எல்லாத்துக்கும் உள்ள ஒரு பெரிய ஹார்டு டிஸ்க்.

ஹார்டு டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆரா எஸ்எம்ஆரான்னு பாருங்க, இதை கடையில யாரும் அவங்களா சொல்ல மாட்டாங்க. சிஎம்ஆர்ல டேட்டா எழுதற வரிசை, அதாவது டிராக், தனித்தனியா இருக்கும், எஸ்எம்ஆர்ல அந்த டிராக்கெல்லாம் ஓடு வேயற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், ஒரு இடத்தை மாத்தணும்னா பக்கத்துல இருக்கறதையும் சேத்து திரும்ப எழுதணும், பெரிய காப்பி போட்டா பாதியில படுத்துக்கும். பேக்கப்புக்கு ஓகே, தினம் எழுதற டிஸ்க்குக்கு வேணாம். 2020ல வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியோட டபிள்யூடி ரெட் ஹார்டு டிஸ்க் மாடல் சிலதுல இது இருக்கறது வெளிய தெரிஞ்சு பெரிய பிரச்சனையே ஆச்சு, அதனால மாடல் நம்பரை போட்டு கம்பெனி சைட்லயே செக் பண்ணிடுங்க.

அப்புறம் மதர்போர்டு மேனுவல். நிறைய போர்டுல எம்.2 ஸ்லாட்டுல எஸ்எஸ்டி சொருகினா ஹார்டு டிஸ்க் சொருகற சாட்டா போர்ட் ஒண்ணு ரெண்டு ஆஃப் ஆயிடும், அது தெரியாம புது டிஸ்க் டெட்டுன்னு கடைக்கு தூக்கிட்டு போறவங்க இருக்காங்க.

மூணாவது டிஸ்க்தான் முக்கியம், யூஎஸ்பி எக்ஸ்டர்னல். பேக்கப் முடிஞ்ச உடனே கழட்டிடணும், எப்பவும் சொருகியே வச்சிருந்தா ரான்சம்வேர் அதையும் சேத்து லாக் பண்ணிடும். இதுக்கு எஸ்எஸ்டி வேணாம், கரண்ட் இல்லாம ரொம்ப நாள் கிடந்தா சார்ஜ் கசிஞ்சு டேட்டா போக வாய்ப்பு இருக்கு, ஹார்டு டிஸ்க்கே போதும்.

மாமா பையன் இப்ப மிரரை பிரிச்சிட்டான். ஒரு 4 டிபி உள்ள இருக்கு, இன்னொண்ணை யூஎஸ்பி கேஸ்ல போட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் சொருகுறான், புதுசா வாங்கின இன்னொரு டிஸ்க் அவங்க அக்கா வீட்டு பீரோவுல இருக்கு, மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டையும் மாத்திக்கறாங்க. மாத்தும்போது அதுல இருந்து நாலு ஃபைலை எடுத்து திறந்து பாத்துட்டுதான் உள்ள வைக்கறான்.