கீமோ போட்டா முடி ஏன் கொட்டுது? நித்தியகல்யாணி சொல்ற கதை

வணக்கம் மக்களே! ரங்கூன்ல, மோல்மேன்ல, பகோவுலன்னு எங்க இருந்து பாக்குற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

(திரையில: ஊதாப் பூ, அஞ்சு இதழ்)

இந்தப் பூவ பாத்திருப்பீங்க, நித்தியகல்யாணி, சில பேரு சுடுகாட்டு மல்லின்னு சொல்லுவாங்க, கோயில் ஓரத்துல வேலி ஓரத்துலன்னு யாரும் தண்ணி ஊத்தாமலே பூத்துக் கெடக்கும். இதோட இலையில இருந்துதான் வின்கிரிஸ்டின்னு ஒரு கேன்சர் மருந்து எடுக்குறாங்க, 1963ல இருந்து உபயோகத்துல இருக்கு, பிள்ளைங்களுக்கு வர்ற ரத்தப் புத்துநோய்க்கு இன்னைக்கும் இது முக்கியமான மருந்து. இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சா கீமோவுல, அதாவது கேன்சர் செல்ல மருந்தால கொல்ற சிகிச்சையில, பாதி புரிஞ்ச மாதிரி.

நம்ம உடம்புல செல்லு செத்துக்கிட்டே இருக்கும், புதுசு வந்துக்கிட்டே இருக்கும். கொடலோட உள்தோலு சில நாளுக்கு ஒருக்கா மாறிடும், எலும்பு மஜ்ஜை ரத்த செல்ல ஓயாம உண்டாக்கும், ஆனா நரம்பு செல்லு பெரும்பாலும் பிரியவே பிரியாது. ஒரு செல்லு ரெண்டாகணும்னா மொதல்ல அதுல உள்ள 46 குரோமோசோமையும், அதாவது நம்ம ஜீன் எல்லாம் இருக்குற டிஎன்ஏ கட்டுகள, காப்பி எடுக்கணும், கிட்டத்தட்ட 600 கோடி எழுத்து, அதுல தப்பு வராம இருக்குமா? வரும். அத பாத்து "நில்லு, சரி பண்ணு, முடியலன்னா செத்துப் போ"ன்னு சொல்றதுக்கு பி53ன்னு ஒரு ஜீன் இருக்கு. கேன்சர் கட்டிகள்ல ஏறக்குறைய பாதியில இந்த ஜீனே கெட்டுப் போயிருக்கும்.

இங்கதான் நம்ம பர்மா ஊரு குன்யா, அதாவது மென்னுற வெத்தல பாக்கு, வருது. புகையில போடல, வெறும் வெத்தல பாக்கு சுண்ணாம்புதானேன்னு சொல்றவங்க நெறைய. புகையில இல்லாட்டியும் வெத்தல பாக்கு புத்துநோய உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட புத்துநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004லயே சொல்லிடுச்சு. கன்னத்துக்குள்ள வெள்ளத் திட்டு, ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணு, வாய முழுசா தொறக்க முடியல, இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

சரி, எதிர்ப்பு சக்தி என்ன பண்ணுது? பண்ணுது, கெட்டுப்போன செல்ல டி செல்லுங்குற ஒரு வகை வெள்ளை அணு தெனமும் தேடி அழிக்குது. ஆனா கேன்சர் வெளிய இருந்து வந்த கிருமி இல்ல, நம்ம சொந்த செல்லு, அதனால அடையாளம் தெரியாம தப்பிக்குது. அதுவும் போதாதுன்னு, டி செல்லு மேல பிடி1னு ஒரு பிரேக் இருக்கு, சில கட்டி அத மிதிச்சே புடிச்சுக்குது. அந்த மாதிரி பிரேக்க எடுத்துவிட்டா டி செல்லு திரும்ப அடிக்கும்னு காட்டினதுக்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் டசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018ல நோபல் பரிசு. அதுதான் இம்யூனோதெரபி. எல்லா கேன்சருக்கும் கேக்காது, வெலையும் யான வெல.

இப்ப நித்தியகல்யாணிக்கு வருவோம்.

(திரையில: மைக்ராஸ்கோப் படம், நடுவுல வரிசையா நிக்கிற குரோமோசோம்)

செல்லு பிரியுறப்ப குரோமோசோம் எல்லாம் நடுவுல வரிசையா நிக்கும், ரெண்டு பக்கமும் மெல்லிசா நூலு உருவாகி பாதிய இந்தப் பக்கம் பாதிய அந்தப் பக்கம்னு இழுக்கும். வின்கிரிஸ்டின் போயி அந்த நூல உருவாகவே விடாது. குரோமோசோம் நடுவுலயே மாட்டிக்கிட்டு நிக்கும், செல்லு செத்துரும்.

ஆனா மருந்துக்கு இது கேன்சர் செல்லு, இது முடி வேர்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. முடி வேர்ல இருக்குற செல்லும் வேகமா பிரியுது, அதனால பல கீமோ மருந்துக்கு ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்டுது, வாயில புண்ணு வருது. முடி கொட்டினா மருந்து நல்லா வேலை செய்யுதுன்னோ கொட்டலன்னா வேலை செய்யலன்னோ அர்த்தம் இல்லைங்க, பெரும்பாலும் மருந்து முடிஞ்சதும் திரும்ப மொளைக்கும், ஏன்னா வேருக்குள்ள தூங்குற ஸ்டெம் செல்லு, அதாவது புது செல்ல உண்டாக்குற மூல செல்லு, தப்பிச்சுக்கும்.

பயப்பட வேண்டியது கிருமிய எதிர்க்குற வெள்ளை அணுக்குத்தான். பல கீமோவுல ஊசி போட்ட 7 நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள அது ரொம்ப எறங்கிடும், அப்புறம் மெல்ல ஏறும், அது ஏறட்டும்னுதான் பல பேருக்கு மூணு வாரத்துக்கு ஒருக்கா மருந்து வெக்கிறாங்க. அந்த நேரத்துல காய்ச்சல் 100.4 தொட்டா பாராசிட்டமால் போட்டுட்டு காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஆஸ்பத்திரிக்கு போங்க. பச்ச முட்டகோசு வெங்காயம் போட்ட ரோட்டுக்கட அத்தோ நூடுல்ஸும் அப்ப வேண்டாம், எனக்கும் அத்தோன்னா உயிருதான், என்ன பண்றது.

இன்னொன்னு, இலையில மருந்து இருக்குன்னு சொன்னேன்ல, உடனே பறிச்சு கொதிக்க வெச்சு குடிக்காதீங்க! ஒரு கிராம் மருந்து எடுக்கவே நூத்துக்கணக்கான கிலோ காஞ்ச இல வேணும், பெரியவங்களுக்கே ஒரு தடவைக்கு பொதுவா 2 மில்லிகிராம் தாண்ட மாட்டாங்க, அதுவும் ரத்தக் குழாயில போடுற ஊசியா மட்டுந்தான். இலையில வேற வெஷமும் கலந்திருக்கு.

ஏற்கனவே இந்த ஊசி போட்டுக்கிறவங்க வீட்டுல இருந்தா வெரல பாருங்க. அதே மாதிரி நூலு நரம்புக்குள்ளயும் இருக்கு, அதனால கை கால் மரத்துப் போகும், மலச்சிக்கல் வரும். சட்ட பட்டன் போட கஷ்டப்படுறாங்கன்னா அடுத்த ஊசிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அளவ மாத்துவாங்க.