பனி இறங்கட்டும்

அனைவருக்கும் பொங்கல் வணக்கம்.

பானையை இறக்கியாயிற்று. பந்திக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதுவரை என்னைப் பேசச் சொன்னார்கள். இந்தத் தோட்டத்தில் கற்றது எத்தனையோ இருந்தாலும், ஒரு செடியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மொச்சை.

மூன்று வருடம் முன்பு இங்கே முதன்முதலாகப் பாத்தி போட்டபோது நம் எல்லோருக்கும் அவசரம். சித்திரையிலேயே மொச்சை ஊன்றிவிட்டோம். பெங்களூருக் கோடை மழை கேட்கவா வேண்டும், கொடி பந்தலைத் தாண்டி வேலிமேல் ஏறியது. இலையாகவே தள்ளியது. பூ மட்டும் இல்லை. ஆனி போயிற்று, ஆடியும் போயிற்று. சாம்பல் தூவச் சொன்னேன். இன்னொருவர் நுனியைக் கிள்ளச் சொன்னார். ஒரு பையன் தன் நோட்டில் ‘மொச்சை: தோல்வி’ என்றே எழுதிவிட்டான்.

பேரனைக் கூட்டிப்போக வந்த ராயக்கோட்டைப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, “பனி இறங்கட்டும் சாமி, அது பாட்டுக்குப் பூக்கும்” என்றார். அப்படியே நடந்தது. ஐப்பசிக் கடைசியில் பந்தல் முழுக்கப் பூ.

நான் முப்பது வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். பாட்டி சொன்னதற்குக் காரணம் தேடிப் படித்தேன். பழைய மொச்சை ரகங்கள் இரவின் நீளத்தை அறிந்து பூப்பவை. பகல் குறுகி இரவு நீளும்போதுதான் மொட்டு வைக்கும். இரவு நீள்வதும் பனி இறங்குவதும் நம் பக்கம் ஒரே காலத்தில் வருகின்றன. அதனால் பாட்டியின் கணக்கு பிசகுவதில்லை. இதே ஊரில் ஹெப்பாளில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகம் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத, ஹெப்பாள் அவரை என்ற மொச்சை ரகங்களை உருவாக்கியிருக்கிறது. அவை எந்த மாதமும் காய்க்கும். மறு வருடம் பிள்ளைகள் இரண்டு விதையையும் பக்கத்துப் பக்கத்தில் ஊன்றி, எது எப்போது பூக்கிறது என்று குறித்துவைத்தார்கள். அந்த நோட்டு அதோ மேசைமேல் இருக்கிறது, எல்லோரும் புரட்டிப் பாருங்கள். பாட்டியும் அன்றிலிருந்து வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். விதைப் பானை இப்போது அவர் பொறுப்பில்.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் வேறு. போன மாதக் கூட்டத்தில், பொங்கல் விழாவைச் சுருக்கிக்கொண்டு அந்த நேரத்தில் இன்னும் இரண்டு வகுப்பு நடத்தலாமே என்று ஒரு பேச்சு வந்தது. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

போன பொங்கலை நினைத்துப் பாருங்கள். ஊறவைத்த மொச்சையைச் சுற்றிப் பதினைந்து பேர் உட்கார்ந்து தோலைப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். “இது மொச்சை” என்றாள் நம் வீட்டுப் பெண் ஒருத்தி. “இல்லை, அவரெ” என்றான் கன்னடப் பையன். “அவரைன்னா பட்டையா இருக்கும், பொரியல் பண்ணுவாங்க” என்று இவள் விடவில்லை. இரண்டுமே ஒரே இனச் செடிதான். ஒன்றைப் பிஞ்சாகத் தோலோடு சமைக்கிறோம், மற்றொன்றை முற்றவிட்டுப் பருப்பெடுக்கிறோம். அந்தச் சண்டை இல்லாவிட்டால் இது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அதோடு நிற்கவில்லை. நாங்கள் பிதுக்குப் பருப்பு என்றோம். அந்தப் பையனின் அம்மா “நாங்க ஹிதுகித பேளென்னு சொல்வோம்” என்றார். யோசித்துப் பாருங்கள். நம் பால் அவர்களுக்கு ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து. பழைய கன்னடத்திலும் பகரம்தான் இருந்தது, பின்னால் அது ஹகரமாக மாறியது. பிதுக்கு, ஹிதுகு, இரண்டும் ஒரே சொல். விரல் நுனியில் மொச்சை வழுக்கிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் வேறு விளையாட்டே இல்லை. பல்லுக்கு என்ன, புலிக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாடத்திட்டம் போட்டு இதை என்னால் நடத்தியிருக்க முடியாது.

கார்த்திகையில் ஒரு செடியைத் தோண்டி, வேர்முண்டை நகத்தால் கீறிப் பார்த்தோமே, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா அங்கே வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதனால் காய் ஓய்ந்தபிறகு கொடியைப் பிடுங்காதீர்கள். அடியில் அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள், அடுத்து அங்கே கீரை போடப்போகிறோம்.

விழாவைச் சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் அக்கம்பக்கத்தாரையும் அடுத்த முறை கூப்பிடுங்கள். மாகடியிலிருந்து வந்து இந்தத் தெருவில் அவரைக்காய் விற்கும் அம்மாவை அவசியம் கூப்பிடுங்கள். பனியில் நனைந்த காயின் வாசனையைக் கன்னடத்தில் சொகடு என்பார்கள். முகர்ந்தே நல்ல காயைப் பொறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பாட்டி கை காட்டுகிறார். நேற்று ராத்திரி ஊறப்போட்ட மொச்சை அண்டாவில் பாதி அப்படியே இருக்கிறதாம், குழம்புக்குப் பருப்பு போதவில்லையாம். கை கழுவிக்கொண்டு எல்லோரும் வாருங்கள், நானும் வருகிறேன்.